தென்காசிச் சுவரில் ஐந்தாவது படம்

தென்காசிக்குப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "குளிக்கவா?" குற்றாலத்துக்குப் பக்கத்து ஊருக்கு ஒருத்தி வேறு எதற்குப் போவாள் என்பது அவர்கள் எண்ணம். நான் குளிக்கப் போகவில்லை. ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு பாளையக்காரர், ஒரு வக்கீல் ஆகிய நால்வரையும் சுருட்டித் தகரக் குழாயில் போட்டுக்கொண்டு, அவர்களைச் சுவரில் மாட்டப் போனேன்.

என்னை அழைத்தவள் ஜொகரா. சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது பக்கத்துக் கட்டில்காரி. தென்காசியில் நெசவாளர் வீட்டுப் பெண். இப்போது அங்கேயே டீச்சர். அவளும் சேர்ந்திருக்கும் மாதர் சங்கம் பெண்களுக்கென்று ஒரு படிப்பகம் திறக்கிறது, அதன் சுவரில் நம் மாநிலத்தை உருவாக்கியவர்களின் படங்கள் வேண்டும், நீதான் வரைய வேண்டும் என்று எழுதியிருந்தாள். செங்கோட்டை நம் மாநிலத்தோடு சேர்ந்த பிறகு வந்த இரண்டாவது சாரல் காலம் அது. மாநிலம் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் அப்போது புது வேட்டி மாதிரி மொடமொடவென்று இருந்தது.

நான் ஓவிய ஆசிரியை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள். அப்பா வேலூர்ப் பக்கம் பாலாற்றங்கரையில் செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். என் டிரங்குப் பெட்டியின் மேல் "பூங்காவனம், ஓவிய ஆசிரியை" என்று வெள்ளை எழுத்தில் நானே எழுதியிருக்கிறேன். ரயிலில் அந்தப் பக்கம் வெளியே தெரியும்படிதான் வைப்பேன்.

தென்காசியில் இறங்கியதும் முதலில் வரவேற்றது காற்று. சாரல் என்றால் மழை என்று நினைத்திருந்தேன். மழையும் இல்லை, பனியும் இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே யாரோ கையை உதறின மாதிரி முகத்தில் விழுகிறது. துடைத்தால் திரும்ப விழுகிறது. ஊர்க்காரர்கள் துடைப்பதே இல்லை.

"வாங்க டீச்சர்!" என்று ஜொகரா கையைப் பிடித்தாள். கோயில் வழியாகத்தான் கூட்டிப்போனாள். இந்தக் கோயிலைக் கட்டிய பாண்டியர் என் தகரக் குழாய்க்குள் இருந்தார். அவர் கோபுரமோ எதிரே மேல்பாதி இல்லாமல், நடுவில் பிளந்து நின்றது. ஏன் இப்படி என்று பூ விற்ற அம்மாளைக் கேட்டேன். இடி விழுந்தது என்றாள். பக்கத்துக் கடைக்காரர் தீப்பிடித்தது என்றார். இருவரும் என்னை விட்டுவிட்டு, நேற்று நடந்ததைப் பேசுவதுபோல் சண்டை போட ஆரம்பித்தார்கள். வாசலுக்குள் நுழைந்தேன், காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது.

"பின்னால எவனாவது ஒருத்தன் வந்து இந்தக் கோயிலைக் காப்பாத்துவான்னு நம்பி, அவனுக்கு முன்கூட்டியே கும்பிடு போட்ட ராஜா ஏட்டி இவரு" என்றாள் ஜொகரா. பயிற்சிக் காலத்திலேயே அவள் இதைச் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் என் படத்தில் ராஜா வாளைப் பிடிக்கவில்லை, கை கூப்பியிருக்கிறார்.

ஜொகராவின் உம்மா நெய்ச்சோறும் தால்ச்சாவும் வைத்தார்கள். உள்ளறையில் தறி ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் ஆம்பூர் பிரியாணிக்கு ஈடு உலகத்தில் இல்லை என்று பெருமை பேசிக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். "பேசுதது ஆம்பூரு, உண்ணுதது தென்காசி" என்று உம்மா சிரித்தார்கள்.

சாயங்காலம் படிப்பகத்தில் சங்கத்துப் பெண்கள் கூடினார்கள். சங்கத் தலைவி வடிவம்மாள். வயல்வரப்பு உள்ள வீடு, கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல். புதுச் சுண்ணாம்பு வாசனை அடிக்கும் அறையில் பாய் விரித்து நால்வரையும் படுக்க வைத்தேன்.

"இதாரு?" என்று ஒருத்தி ராஜாவைக் காட்டினாள்.

"கோயில் கட்டின பாண்டிய மன்னர்."

"மீசை எங்க?"

"சிலைகளில் அப்படித்தானே இருக்காங்க" என்றேன்.

"அது சிலை. கல்லுல மீசை ஒட்டாது. பாளையக்காரருக்கு எம்புட்டு இருக்கு பாருங்க! அதுல பாதிய வெட்டி இவருக்கு வச்சிருங்க டீச்சர்."

அறையே சிரித்தது. வெள்ளைக்காரனுக்கு வரி கட்ட மாட்டேன் என்று இந்தப் பக்கத்திலேயே முதலில் சொன்ன பாளையக்காரரிடமிருந்து பாதி மீசை வாங்க நான் சம்மதிக்கவில்லை. குதிரைமேல் உட்கார்ந்திருந்த சிவகங்கைச் சீமையின் ராணியைப் பார்த்து, "குருதைல ஏறுதவ இம்புட்டு நகையா போடுவா?" என்றாள் இன்னொருத்தி. கப்பல் கம்பெனி நடத்தி, சிறையில் செக்கிழுத்த வக்கீல் மட்டும் தப்பித்தார்; அவரைப் புகைப்படம் பார்த்து வரைந்திருந்தேன்.

"ராஜா மூக்கு நல்லா இருக்கு. எங்கன பாத்து எழுதினீங்க?" என்று வடிவம்மாள் கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எங்க அப்பா மூக்கு. அவரு செங்கல் சூளையில இருக்காரு."

பெண்கள் ராஜாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு வடிவம்மாளே சொன்னார்: "கோபுரம் கட்டுனவருல்லா? செங்கல் அறுத்த மூக்குதான் இருக்கும். சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

அந்த இடத்திலேயே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

சுவரில் ஐந்து ஆணிகள் இருந்தன. ஐந்தாவது யாருக்கு என்று கேட்டேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். உலகம்மக்காவுக்கு.

உலகம்மாள் பதினோரு வயதில் கல்யாணமாகி, பன்னிரண்டில் புருஷனை இழந்தவர். பிறகு தானே எழுத்துக் கற்று, கள்ளுக்கடை மறியலில் சிறை போய், திரும்பி வந்து வீடு வீடாக ஏறிப் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனவர். இந்த அறையில் பேர் எழுதத் தெரிந்த ஒவ்வொருத்தியும், ஜொகராவும் வடிவம்மாளும் சேர்த்து, அவர் இழுத்துப் போனவர்கள். இப்போது வயது அறுபதுக்கு மேல். ஆச்சி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார்; குழந்தைகளுக்கும் அவர் அக்காதான். குற்றாலத்தில் தனியாக இருக்கிறார். படிப்பகத்தைத் திறக்க ஒப்புக்கொண்டார். படத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய புகைப்படம் ஒன்றுகூட ஊரில் கிடையாது.

"அவிய உசுரோட இருக்கும்போதே மாட்டணும் டீச்சர்" என்றார் வடிவம்மாள். "தெருவுல நடக்குத பொம்பள சுவத்துலயும் இருக்கான்னு எம் மக பாக்கணும். ராஜா ராணியாவா எல்லாரும் பொறக்க முடியும்?"

"நான் பார்த்துக்கிறேன்" என்றேன். படித்தவள் அல்லவா.

மறுநாள் காலை குதிரை வண்டியில் குற்றாலம் கிளம்பினோம். வடிவம்மாள் பின்பக்கம், ஜொகராவும் நானும் முன்பக்கம். மேடு ஒன்று வந்ததும் வண்டி பின்னால் சாய்ந்தது. குதிரையின் முன்கால்கள் தரையை விட்டு எழும்பின.

"யம்மா! பாரம் பின்னால இழுக்கு! குருதை அந்தரத்துல நிக்கி! முன்னால வாங்க!" என்று வண்டிக்காரர் கத்தினார்.

வடிவம்மாள் முன்னால் வந்தார். நாங்கள் பின்னால் போனோம். குதிரை இறங்கியது, ஆனால் இப்போது முன்பாரம் தாங்காமல் நடக்க மறுத்தது. "அதுக்குக் கோவம் வந்துட்டு" என்றார் வண்டிக்காரர். "நான் என்ன அதை ஏசினேனா?" என்றார் வடிவம்மாள். கடைசியில் மூவரும் இறங்கி நடந்தோம். குதிரை வெறும் வண்டியை இழுத்துக்கொண்டு சந்தோஷமாகப் பின்னால் வந்தது.

நல்லதாகப் போயிற்று. நடந்ததால்தான் மலையை முழுசாகப் பார்த்தேன். எங்கள் பக்கத்து மலைகள் வெறும் பாறை. வெயிலில் உட்கார்ந்து ஏங்கும். இது பச்சைப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேகத்துக்குள் தலையை வைத்திருந்தது. வழியெல்லாம் பலாப்பழ வாசனை, உடம்பெங்கும் எண்ணெய் மினுங்க நடந்துபோகும் மனிதர்கள், மங்குஸ்தான் விற்பவர்கள். மங்குஸ்தானை அன்றுதான் முதலில் தின்றேன். மையைத் தொட்ட மாதிரி விரல் ஊதாவாயிற்று. உள்ளே வெள்ளை வெளேரென்று சுளை.

உலகம்மக்கா அருவியிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். ஈரத் தலை, வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, தாராளமான மூக்கு. சிரித்தால் மேல்வரிசையில் ஒரு பல் இல்லாதது தெரியும்.

"இவதான் படக்காரியா? எந்த ஊரு?"

"வேலூர்ப் பக்கம்மா."

"அம்மா என்ன அம்மா. அக்கான்னு சொல்லு. உங்க ஊர்த் தண்ணிய நானும் குடிச்சிருக்கேன், ஆறு மாசம்."

"எப்போ வந்தீங்க?"

"நான் எங்க வந்தேன்? கொண்டுபோனாவ. ஜெயிலு."

எங்கள் ஊர்க் கோட்டை, அகழி எல்லாம் எப்படி இருக்கும் என்று கேட்டார். ஆறு மாதம் இருந்தும் அவர் பார்த்தது மதில் மட்டும்தானாம். நான் சொல்லச் சொல்ல, சோற்றுக்குக் காத்திருக்கும் குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு படப் பேச்சை எடுத்தேன். முகம் மூடிக்கொண்டது.

"வேண்டாம். ஜெயில்ல இருந்து வந்தப்ப தேரடில வச்சு மாலை போட்டாவ. ஒரு வாரம் கழிச்சு அடுத்த வீட்டுல கல்யாணம். நடுக்கூடத்துக்கு வராத, பின்வாசல்ல நில்லுன்னுட்டாவ. மாலை போட்ட அதே கையிதான். இப்ப சுவத்துல மட்டும் ஏறி நான் என்ன செய்ய?"

வடிவம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். ஜொகரா என்னைப் பார்த்தாள். படித்தவள் நான் மலையைப் பார்த்தேன்.

"வந்ததுக்குக் குளிச்சிட்டுப் போங்க" என்று அக்காவே எழுந்தார்.

தண்ணீர் என்றால் எனக்குப் பயம். பாலாற்றில் நாங்கள் மணலைத் தோண்டி, ஊறுவதை மொண்டு குளிப்பவர்கள். பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்தில் நின்று, "இன்னாக்கா இது, இவ்ளோ தண்ணி!" என்று கத்திவிட்டேன். சுற்றி நின்ற பெண்களுக்கு அந்த 'இன்னா' போதுமானதாக இருந்தது. "ஏட்டி, இன்னாக்காரி வந்திருக்கா, வழி விடுங்க!" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். அக்கா என் கழுத்தைப் பிடித்து அருவிக்குள் நிறுத்தினார். முதுகில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மாவு பிசைவது போலிருந்தது. மூச்சு முட்டியது, வெளியே ஓடி வந்தேன், உடனே திரும்பவும் உள்ளே போக வேண்டும் போலிருந்தது. போனேன்.

அடுத்த நாள் நான் மட்டும் பஸ்ஸில் போனேன், பலகையும் காகிதமும் எடுத்துக்கொண்டு. அக்கா வீட்டு முற்றத்தில் ஒரு பெரிய பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"திரும்பியும் வந்துட்டியா? பழந் தின்னவா, படத்துக்கா?"

"ரெண்டுக்கும்."

சிரித்தார். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அக்கா, அந்தச் சுவத்துல ராஜா இருக்காரு. அவரு முகம் யாருக்கும் தெரியாது. எங்க அப்பா மூக்கை வச்சேன். ராணிக்கு எங்க பள்ளிக்கூட ஆயாவோட கண்ணு. பாளையக்காரருக்கு எங்க தெரு பால்காரர் மீசை. நாளைக்கு உங்களையும் யாராவது வரைவாங்க. உங்க முகம் தெரியாது. அவங்க அப்பா மூக்கை உங்களுக்கு வச்சிருவாங்க."

"நல்ல மூக்கா இருந்தா வைக்கட்டுமே."

"உங்க மூக்கு இவ்ளோ நல்லா இருக்கறப்போ எதுக்குக்கா அடுத்தவங்க மூக்கு?"

அக்கா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அறுபது வயதுக்கு மேல் ஒருவர் தன் மூக்கை முதல் தடவையாகத் தொட்டுப் பார்ப்பதை நான் கண்டேன். "எங்க வீட்டுல இதைச் சொல்லித்தான் பரிகாசம் பண்ணுவாவ" என்றார். பிறகு தேங்காயெண்ணெயைக் கையில் பூசிக்கொண்டு பழத்தைப் பிளந்தார்.

"நான் சும்மா உக்காந்துகிட்டு இருக்க மாட்டேன். சுளை எடுக்கணும். எடுக்கதுக்குள்ள எழுதிக்கோ. ஆனா ஒண்ணு. எழுது, மாட்டாத. நான் போனபெறவு மாட்டிக்கிடுங்க."

அவர் சுளை எடுத்தார், நான் வரைந்தேன். கொட்டையை நீக்கும்போது உதட்டைக் கடிப்பார், நல்ல சுளை வந்தால் புருவம் ஏறும். பாதியில் சாரல் வந்து காகிதத்தில் புள்ளி வைத்தது. இருவரும் கூரைக்குள் நகர்ந்தோம். கிளம்பும்போது இலை நிறையச் சுளை கட்டிக் கொடுத்தார். படத்தைப் பார்க்கக் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை. என் வாழ்க்கையில் அதுவரை நான் வரைந்ததிலேயே உண்மையான முகம் அது. அதைச் சுருட்டி வைக்க எனக்கு மனசே இல்லை.

தென்காசிக்கு வந்து நிபந்தனையைச் சொன்னேன். சங்கத்தில் பெரிய விவாதம். "மாட்டிருவோம்" என்றாள் ஜொகரா. "வந்து பாத்து ஏசுவாவ. ஏச்சு வாங்குவோம். சின்னப்பிள்ளைல வாங்காததா?"

"கோவிச்சுக்கிட்டு வண்டி ஏறிட்டாவன்னா?" என்றார் வடிவம்மாள். திறக்க வந்தவர் திறக்காமல் திரும்பினால், இந்தப் பெண்கள் அவர் முகத்தில் விழிப்பது எப்படி? ஆனாலும் படம் சட்டம் போடப் போயிற்று. கொண்டுபோனவள் நான்தான்.

திறப்பு விழாக் காலை. நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் சங்கத்துப் பெண்கள் கோலம் போட்டு, விளக்கு வைத்து, படங்களுக்கெல்லாம் மாலையும் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ராஜா, ராணி, பாளையக்காரர், வக்கீல் நால்வரின் கண்ணாடியிலும் நெற்றிக்கு நேராகச் சந்தனம், நடுவில் குங்குமம். ஐந்தாவது படத்துக்கும் அதேபோல மாலை, சந்தனம், குங்குமம்.

"யாரு வச்சது?" என்றேன்.

வடிவம்மாள் திரும்பிப் பார்த்தார். அவர் கையில்தான் குங்குமச் சிமிழ் இருந்தது. வரிசையாக வைத்துக்கொண்டே போயிருக்கிறார். கை பழக்கத்தில் போய்விட்டது. போனவர்களின் படத்துக்குத்தான் அப்படி மாலை போட்டுப் பொட்டு வைப்பது. உயிரோடு இருப்பவருக்கு வைத்தால்? அதுவும் நெற்றியில் குங்குமமே வைக்கக் கூடாதென்று ஊர் சொல்லிவைத்த ஒருவருக்கு?

"ஐயோ, நான் பாவி" என்று அவர் முந்தானையை எடுத்துக்கொண்டு அதைத் துடைக்க ஓடினார்.

அதற்குள் வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. அக்கா இறங்கிவிட்டார்.

அக்கா செருப்பைக் கழற்றி, கோலத்தைச் சுற்றி வந்து, அறைக்குள் காலை வைத்தார். ராஜாவைப் பார்த்தார். "இதுதான் உங்கப்பா மூக்கா?" என்றார் என்னிடம். ராணியைப் பார்த்தார். கடைசியாகத் தன்னைப் பார்த்தார்.

வடிவம்மாள் ஆணியருகே நின்று முந்தானையைக் கண்ணாடிக்குக் கொண்டுபோனார்.

"ஏளா வடிவு. கையை எடு."

கை கீழே வந்தது. வடிவம்மாள் அழுதுகொண்டிருந்தார். "தெரியாம வச்சிட்டேங்கா. மத்தவியளுக்கு வச்ச கையி..."

அக்கா அவரை மெல்ல விலக்கினார். கிட்டப் போனார். கண்ணாடியில் அவர் முகமும் தெரிந்திருக்கும். உள்ளே என் பென்சில் முகம், மேலே நிழல் முகம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே பொட்டு. நெடுநேரம் பார்த்தார்.

"இந்த நெத்தில இது வந்து அம்பது வருஷம் ஆயிட்டு" என்றார், யாருக்கும் சொல்லாத மாதிரி. "செத்தா எல்லாருக்கும் வைப்பாவ போல. உசுரோட இருக்கையிலதான் மாட்டாவ."

"அக்கா, படத்தை எடுத்துர்றேன்" என்றேன். "நீங்க சொன்னதை மீறி மாட்டினது நாங்கதான்."

"எதுக்கு எடுக்க? நல்லாத்தான இருக்கேன்." திரும்பிப் பார்த்தார். பல் போன இடம் தெரிந்தது. "ஆனா இந்தக் கண்ணாடிப் பொட்டு நாளைக்குக் காஞ்சு உதுந்துரும். எவளாவது தூசி தட்டுதேன்னு தொடைச்சிருவா. உன் பெட்டில செவப்பு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப உள்ள வையி. காயிதத்துல."

கூட்டத்தில் யாரோ ஒரு வயதான அம்மாள், "நல்ல நாளும் அதுவுமா, இது அடுக்குமா?" என்று முணுமுணுத்தாள். "மாமி, அடுக்குதா அடுக்கலியான்னு படிப்பகத்துல பொஸ்தகம் வரும், வாசிச்சுப் பாப்போம்" என்றாள் ஜொகரா. அவ்வளவு இறுக்கத்திலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

வடிவம்மாளே படத்தை இறக்கி மாலையைக் கழற்றினார். பின்பலகையின் சின்ன ஆணிகளைக் கத்திமுனையால் நெம்பிக் காகிதத்தை எடுத்துப் பாயில் வைத்தேன். ஜொகரா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். சிவப்பைக் குழைத்தேன். பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளுக்கு முன்னால் கை நடுங்காமல் கரும்பலகையில் கோடு போடுகிறவள் நான். அன்று தூரிகையை இரண்டு தரம் கீழே வைத்து எடுத்தேன். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவர் மூச்சு என் காதில் பட்டது.

ஒரு கடுகளவு வைத்தேன்.

"என்னளா, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு? பெருசா வையி."

பெரிதாக வைத்தேன்.

"இன்னுங் கொஞ்சம்."